எழுபது வளைவும் ஒரு பொய்யும்

9.3.2025, காலை 11.20. எழுபது வளைவுகள் ஏறியாயிற்று.

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். பாதம்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

அப்பாவுக்குத் திதி போன வாரமே கொடுத்துவிட்டோம். எனக்குத் தேதிதான் கணக்கு, அது இன்று. பஸ்ஸில் வளைவு ஏறினால் வாந்தி வரும் என்று அப்பா நான் வேலை பார்க்கிற இந்த மலைக்கு வரவேயில்லை. "ஒருநாள் நடந்தே வாரேன் கண்ணு" என்பார். அவருக்காக அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நான் நடந்தேன்.

பாதி வழியில் கண்டக்டர் தேவராஜ் பஸ்ஸை நிறுத்தினார். "ஏனுங்க இன்ஜினியரே, ஏறுங்க!"

"அப்பாவுக்காக நடக்கிறேனுங்க."

வேண்டுதல் என்று நினைத்துவிட்டார். "சீக்கிரம் குணமாயிருவாருங்க சாமி."

யார் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துகிற நான், "சரிங்க" என்றேன். அடுத்த வளைவு வரைக்கும் அப்பா உயிரோடு இருக்கிற மாதிரியே இருந்தது.

இனி செய்ய வேண்டியவை:

1. காலுக்குத் தைலம் தேய்ப்பேன். இங்கே தீர்ந்துவிட்டது, ஒரு பாட்டில் அனுப்புங்கள்.
2. தேவராஜிடம் உண்மையைச் சொல்வேன்.
3. சொல்ல முடிகிற வரை அவர் பஸ்ஸில் ஏறமாட்டேன்.