பச்சைக் கதவு வரை

குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து பலெர்மோவுக்குத் தினமும் நடந்துபோன என் அண்ணா,

பலெர்மோவுக்குப் போய்வந்துவிட்டோம். உன் மகள் அபி, உன் மகன் சேந்தன், நான். நீ மட்டும் இல்லை.

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகன் அந்த நகரத்தைப் பார்க்க வரவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தான். நீ அங்கேதான் இருக்கிறாய் என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். விமானத்தில் என் மடியில் தலைவைத்துத் தூங்கியவன் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்வது என்று நினைத்திருப்பான்.

இந்த எண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? உன்னிடமிருந்துதான்.

"வீசா வந்தா, அடுத்த நாள் நான் பலெர்மோவில நிப்பன்." சோறு பிசையும்போது சொல்வாய். சப்பாத்துக் கழற்றும்போது சொல்வாய். படகில் வந்தவன் நீ. தற்காலிக வீசா. வெளியே போனால் உள்ளே வர முடியாது. நான் படிக்க வந்தவள், விமானத்தில். மாநாடு என்று நாடு நாடாகப் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் உங்கள் வீட்டில் இருந்துதான் கிளம்புவேன், விமான நிலையத்துக்கு நீதான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாய். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று கை காட்டுவாய்.

பிறகு ஒருநாள் வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். சேந்தனுக்கு மூன்று வயது. "சின்னப் பிள்ளை, செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்" என்றார்கள் அன்ரிமார். அபி வந்தாள். அவன் பக்கத்து வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ போய் எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து உன் படத்துக்கு முன்னால் படைத்துக்கொண்டிருந்தோம். கணவாய்க் கறி, முருங்கைக்காய், நீ களவாகக் குடிக்கும் கோலா. அப்போது வக்கீல் அண்ணிக்கு அழைத்தார். நிரந்தர வீசா. நான்கு பேருக்கும். உன் பெயர்தான் முதலில்.

குசினிக்குள் செய்தி பரவியது. "வீசா வந்திட்டுதாம்." யாரோ "முருகா" என்றார்கள். யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். உன் மகன் கதிரைக்குக் கீழே கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

வீசா வந்துவிட்டது. அப்பாவைக் காணவில்லை. அப்படியென்றால் அப்பா பலெர்மோவில். மூன்று வயதில் இதைவிட ஒழுங்காக யோசிக்க முடியுமா? உன் வீசாக் கோப்பை அத்தனை வருடம் வைத்திருந்தவர்களில் ஒருவர் இவ்வளவு ஒழுங்காக யோசித்திருந்தால் போதும்.

மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குகன் அண்ணா உன் வகுப்புத் தோழன். நீ இந்தப் பக்கம் படகேறினாய், அவர் அந்தப் பக்கம் போனார். பலெர்மோவில் ஒரு முதியவளைப் பராமரிக்கும் வேலை. அவருக்குக் காலை, உனக்குப் பின்னேரம். அவர் வேலைக்கு நடக்கும் நேரமும் நீ வேலையால் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் நேரமும் ஒன்று. வீடியோ கோலில் இரண்டு பேரும் சேர்ந்து நடப்பீர்கள். சேந்தன் உன் தோளில். அபி உன் பையைப் பிடித்தபடி.

அந்த விளையாட்டை யார் தொடக்கியது? அபியாகத்தான் இருக்கும். குகன் அண்ணா இடப்பக்கம் திரும்பினால் நீங்களும் இடப்பக்கம். அவர் வலம் என்றால் நீங்களும் வலம். குவேக்கர்ஸ் ஹில்லில் அப்படித் திரும்பினால் எங்கே போவது? முட்டுச்சந்து. யாரோ ஒருவருடைய கராஜ் கதவு. குப்பை வாளிகள். நாய்.

மெல்பேர்ணில், கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் நான் செய்யும் ஆராய்ச்சியே இதுதான். வெளிப் புறநகர்களில் ஏன் இத்தனை முட்டுச்சந்துகள்? அந்நியர்கள் ஊடறுத்துப் போகக்கூடாது என்பதற்காக. இதை உனக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். "அட, எங்களை மறிக்கோணும் எண்டு ரோட்டுக்கும் தெரிஞ்சிருக்கு." அதை என் ஆய்வேட்டில் சேர்க்க முடியவில்லை. அதைவிடச் சரியான வரி அதில் ஒன்றும் இல்லை.

கடைசியில் அவர் வேலைசெய்யும் வீட்டின் பெரிய பச்சைக் கதவு வரும். "கதவு வந்திட்டுது மச்சான். போட்டு வாறன்." திரை கறுக்கும். நீங்கள் யாருடையதோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

யூலை விடுமுறையில் போனோம். அண்ணி வரவில்லை. "அவர் பாக்காத ஊரை நான் ஏன் பாப்பான்? பிள்ளையளைக் கொண்டுபோய்க் காட்டு" என்றா.

முதல் நாள் காலை சேந்தன் பள்ளிக்கூட யூனிபோமைப் போட்டுக்கொண்டு நின்றான். நீல ரீசேட், அகன்ற விளிம்புத் தொப்பி. அவன் இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் தொடங்கினான். பெட்டிக்குள் அதை எப்போது வைத்தான் என்று எனக்குத் தெரியாது.

"கழட்டடா. இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை."

"நோ."

"வெயில் கொதிக்குது."

"அதுக்குத்தானே தொப்பி."

விட்டுவிட்டேன். அபி என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா?

குகன் அண்ணாவின் வீட்டிலிருந்து நடக்கத் தொடங்கினோம். அதே நேரம், அதே வழி. அவர் உன்னைவிட ஒல்லி. தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் "என்ன தங்கச்சி, உன்ர அண்ணன்ர மூக்கு உனக்கும் இருக்கு" என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் பிள்ளைகளுடன்தான் பேசினார்.

பழைய நகரத்தைச் சின்னப் பிள்ளைகளுடன் நடந்து பார்ப்பது என்றால் நகரத்தைப் பார்ப்பதில்லை, அண்ணா. தண்ணீர்ப் போத்தல் எங்கே, கழிப்பறை எங்கே, ஸ்கூட்டர் வருகிறது, கையைப் பிடி. தேய்ந்து மினுங்கும் கற்களில் சேந்தன் இரண்டு தரம் வழுக்கினான். சந்தையில் வாள்மீன் தலை ஒன்றை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அபி அதற்கு முன்னால் நின்று நகர மறுத்தாள். நான் ஒரு குறுக்கு வழி பிடிக்கப் பார்த்து, சுற்றி, அதே மீன் தலைக்கே திரும்பி வந்தேன்.

"மாமி சிற்றியைப் பற்றித்தான் படிக்கிறாவாம். வழி தெரியாதாம்" என்றாள் அபி.

"அதுதான் படிக்கிறா" என்றார் குகன் அண்ணா.

நான்கு மூலையிலும் சிலைகள் நிற்கும் அந்தச் சந்தி வந்தது. போனில் அது வரும்போது நீ குவேக்கர்ஸ் ஹில் ரவுண்டபௌட்டில் நின்று ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பார்ப்பாயே, அது. அங்கே ஒரு நிழலில் உட்கார்த்தி அவர்களுக்கு வரலாறு சொல்லப் பார்த்தேன். அரபிகள் வந்தார்கள், பிறகு நோர்மன்கள், பிறகு ஸ்பானியர்கள்.

"எல்லாரும் கடலாலயா வந்தவை?" என்றாள் அபி.

"ஓம்."

"போட்டிலயா?"

"ஓம்."

"அவைக்கு வீசா இருந்ததா?"

"இல்லை."

"பிறகு என்ன செய்தவை?"

"ராசா ஆனவை."

குகன் அண்ணா சிரித்தார். நானும் சிரித்தேன். அபி சிரிக்கவில்லை. அவள் உன் மாதிரி இல்லை. அவளுக்கு இந்தப் பகிடிகள் பிடிப்பதில்லை.

சேந்தன் கதை கேட்கவில்லை. சந்தியின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவன் உயரத்துக்குத் தெரிந்தது எல்லாம் மனிதர்களுடைய கால்கள்.

"இது இல்லை" என்றான். அழப்போகிற குரல்.

"இதுதான் ராசா" என்றார் குகன் அண்ணா.

"இல்லை. தூக்குங்கோ."

அவர் குனிந்து அவனைத் தூக்கித் தோளில் வைத்தார். அண்ணா, நீ இருந்திருந்தால் அவனைத் தோளில் வைத்திருக்க மாட்டாய், அவன் வளர்ந்துவிட்டான், உன் முதுகு நாரிக்கு ஏலாது. குகன் அண்ணாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவன் சுற்றிப் பார்த்தான். பல்கனிகள். காயப்போட்ட உடுப்புகள். சிலைகளின் முகம். அந்த உயரத்திலிருந்துதான் அவன் இந்த நகரத்தைப் பார்த்திருக்கிறான். அவன் முகம் மாறியதைக் கீழே நின்று பார்த்தேன்.

"நேரா" என்றான். "பிறகு லெஃப்ட்."

அதன் பிறகு வழிகாட்டியது அவன்தான். ஒரு திருப்பம்கூடப் பிழைக்கவில்லை. ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் இறங்கி ஓடத் தொடங்கினான். தொப்பி பின்னால் பறந்து கயிற்றில் தொங்கியது.

பச்சைக் கதவு. திரையில் பார்த்ததைவிடப் பெரியது. வர்ணம் உரிந்திருந்தது.

தொப்பியைச் சரிசெய்தான். ரீசேட்டைக் காற்சட்டைக்குள் செருகினான். குகன் அண்ணாவைப் பார்த்து, "அப்பாவைக் கூப்பிடுங்கோ" என்றான்.

சாதாரணமாகச் சொன்னான். கடைக்காரரிடம் பால் கேட்பதுபோல.

குகன் அண்ணா சுவரைப் பிடித்தபடி நடந்ததைச் சொன்னார். நீ போன பிறகும் அவர் இடைக்கிடை அதே நேரத்துக்குப் பிள்ளைகளுக்கு அழைப்பார். ஒருநாள் இந்தக் கதவுக்கு முன்னால் சேந்தன் "அப்பா எங்க?" என்று கேட்டிருக்கிறான். "உள்ள நிக்கிறார், வேலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். "வாயில வந்திட்டுது தங்கச்சி. பிள்ளை மறந்திடுவான் எண்டு நினைச்சன்."

"தம்பி இப்பிடி நம்புறான் எண்டு உனக்குத் தெரியுமா?" என்று அபியைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சன்" என்றாள். "எல்லாரும் ப்ரிட்டெண்ட் பண்றீங்கள் எண்டு."

கதவு திறக்கவில்லை. சேந்தன் தன் கையால் தட்டினான். மரம் மிகவும் தடிப்பு, சத்தமே வரவில்லை. அவன் மறுபடியும் தட்டினான். எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று சொல்லட்டுமா? குகன் அண்ணாமேல் இல்லை. உன்மேல். போக முடியாத ஊருக்குப் பிள்ளையைத் தோளில் வைத்து வழி பழக்கியவன் நீ.

அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். கல் சுட்டது.

"அப்பா இங்க இல்லை சேந்தன்."

"வேற கதவா?"

"ஒரு கதவுக்குப் பின்னாலயும் இல்லை. அப்பா செத்திட்டார். நீ சின்னனா இருக்கேக்க."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பொய் சொல்லும் ஆளைப் பார்ப்பதுபோல.

"வீசா வந்ததுதானே?"

"செத்த பிறகு வந்தது."

"ஏன் பிறகு?"

இத்தனை வருடம் நகரங்களையும் எல்லைகளையும் படித்தவள் நான். உன்னிடமாவது பதில் இருக்கிறதா?

அவன் அழவில்லை. தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்தான். திரும்பும் வழி முழுக்கத் தன் காலால் நடந்தான். தூக்கவா என்று குகன் அண்ணா கேட்டார். வேண்டாம் என்றான்.

அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னேன். திட்டுவா என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றா. "வீட்டில ஒராளுக்காவது அவர் உயிரோட இருக்கட்டும் எண்டு விட்டனான். நீ போய் அதையும் முடிச்சுப்போட்டாய்."

நீ இரண்டு தரம் செத்தாய் என்று அன்று விளங்கியது. இரண்டாவது தரம் அங்கே, அந்தக் கதவடியில், என் வாயால்.

இப்போது அவன் எல்லோருக்கும் சொல்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு, வகுப்பு ரீச்சருக்கு, கோயிலில் சந்தனம் தரும் ஐயருக்கு. "என்ர அப்பா செத்திட்டார். பிறகு வீசா வந்தது." அதே ஒழுங்கில். போன கிழமை ஒரு அன்ரி என்னைத் தனியாக இழுத்து, "பிள்ளைக்கு இப்பிடியே சொல்லுறது? சாமியிட்டப் போயிட்டார் எண்டு சொல்லியிருக்கலாம்தானே" என்றா. சாமியிடம் போவதற்கும் அவன் யூனிபோமை எடுத்து வைப்பான் அன்ரி, என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. இனி அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காது.

அண்ணி இன்னும் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் போட்டுத் தருவா. இந்தச் சனிக்கிழமை நான் மெல்பேர்ணில் இருந்து உங்கள் வீட்டுக்கு வந்தபோது சேந்தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "நடப்பம்" என்றான். போன் இல்லாமல் நடந்தோம். ரவுண்டபௌட், நேரே, இடம். அதே முட்டுச்சந்து. யாருடையதோ கராஜ் கதவு.

அதற்கு முன்னால் நின்று கேட்டான். "அப்பா பலெர்மோவைப் பார்த்தவரா?"

போனில் பார்த்தவர் என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நடந்தவர் என்று சொல்லியிருக்கலாம். அழகாக இருந்திருக்கும். இதை வாசிக்கும் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள்.

"இல்லை" என்றேன். "அவரைப் போக விடேல்லை."

அவன் ஓம் என்றான். என் கையைப் பிடித்தான். திரும்பி வந்தோம்.

அண்ணா, உனக்கு ஒரே ஒரு வாக்குத் தருகிறேன். நீ போகாத இடத்துக்குப் போனாய் என்று இந்தப் பிள்ளைகளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எத்தனை தரம் கேட்டாலும், எவ்வளவு வளர்ந்த பிறகு கேட்டாலும், விடவில்லை என்றே சொல்வேன்.

அவர்களுடைய மாமி,
நீ பெட்டி தூக்கி வழியனுப்பிய உன் தங்கச்சி