பொட்டு வைக்க இடம்

மச்சான்,

டூத் பிரஷ் ஒன்று தேடி உன் மேசை லாச்சியைத் திறந்தேன். உள்ளே முழுக்க டூத் பிரஷ்தான். ஹட்டனில் பலகையில் போட்டோ செதுக்கிக் கொடுத்த மனிதனின் லாச்சியில், மெஷினில் மாட்டிச் செதுக்கும் பிட்டைவிட பிரஷ் அதிகம். போன பிறகும் எனக்கு எரிச்சல் மூட்ட உன்னால் முடிகிறது.

நாம் சண்டை போட்டதெல்லாம் இந்த ஒரே விஷயத்துக்குத்தான். கறுப்பு பெயின்ட் அடித்த பலகையில் மெஷின் வரிவரியாகக் கோடு போடும். ஆழம் கூடினால் கோடு அகலும், உள்ளேயிருக்கும் மரம் வெளுப்பாகத் தெரியும். முகத்தின் வெளிச்சம் அதுதான். எனக்கு ஊசி பிட் வேண்டும். நெருக்கமான கோடு, பெயின்டைத் தாண்டி இம்மி ஆழம். அப்போதுதான் இமை மயிர்கூடப் படத்தில் விழும். நீயோ அகல பிட்டை மாட்டி, கோட்டுக்குக் கோடு இடம் விட்டு, ஆழமாக இறக்குவாய். கிட்டப் போய்ப் பார்த்தால் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. கேட்டால், "எட்ட நின்னு பாரு மச்சான்" என்பாய்.

எல்லாம் பொகவந்தலாவையிலிருந்து வந்த அந்த அம்மாவால் வந்தது. நான் ஊசி பிட்டில் செதுக்கிக் கொடுத்த அவருடைய அப்பாவின் படத்தைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை தோறும் சந்தனமும் குங்குமமும் வைத்து, நெற்றிக் கோடெல்லாம் அடைத்துப்போயிருந்தது.

"தொடைச்சும் போகல தம்பி. அப்பாவுக்கு நெத்தியில அடிபட்ட மாதிரி இருக்குங்க."

படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நீ குறுக்கே விழுந்தாய். "பொட்டு வைக்காம எப்புடிம்மா? வேற செஞ்சு தர்றோம்." அன்றிலிருந்து எல்லாப் பலகைக்கும் அகல பிட், அகலக் கோட்டில் அடைந்த குங்குமத்தைத் தேய்த்துக் கழுவ ஒரு பிரஷ் இலவசம். இது போட்டோ கடையா, பல் டாக்டர் கடையா என்று கத்தினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தாலே இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். கருமாதிக்கு உன் படத்தைச் செதுக்கித் தரச் சொன்னாள் உன் மனைவி, என் தங்கச்சி. வந்தவர்களிடமெல்லாம் நல்ல போட்டோ கொண்டுவரச் சொன்ன உனக்கு, தூசி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு நிற்கும் படம் ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பு அதில் தெளிவாக இருந்தது. எனக்கு அது வேண்டும். அகல பிட்டில் அது விழாது. தடுக்க நீயும் இல்லை. ஊசி பிட்டை மாட்டினேன்.

நெற்றி பாதி ஓடியிருந்தபோது தங்கச்சி வந்து நின்றாள்.

"அந்தப் பிட்ட கழட்டுங்கண்ணே."

"தழும்பு விழாதும்மா."

"அத நான் மறந்துருவேனா? எனக்குப் பொட்டு வைக்க எடம் வேணும்."

மெஷினை நிறுத்தினேன். வேறு பலகை, உன் பிட், உன் ஆழம். கருமாதியன்று வாசலில் நின்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் அச்சு அசல் நீதான் என்றார்கள். தங்கச்சி பொட்டு வைத்து முடித்ததும் என்னிடம் கையை நீட்டினாள். "பிரஷ் எங்கண்ணே?" எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். உன்மேல் அவ்வளவு கோபம்.

பாதியில் நின்ற பலகையை அப்புறம் எனக்காக முடித்துக் கடையில் மாட்டினேன். இமை மயிர், தழும்பு, எல்லாம் இருந்தது. கடைசியில் நான்தான் சரி என்று உன்னிடமே சொல்லியும் காட்டினேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடையைத் திறந்து சாமிக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டுத் திரும்பியவன், விரலில் இருந்த குங்குமத்தை அப்படியே உன் நெற்றியில் வைத்துவிட்டேன். அடைத்துக்கொண்டது, வேறென்ன. தழும்பைக் காணோம்.

உன் பிரஷ்ஷால்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். போவேனா என்கிறது. அடுத்த வெள்ளியும் வைப்பேன், மச்சான்.