ஹைட்ரன்ட்ட இடிச்ச வாரம்

செப்டம்பர் 30, செவ்வாய்

காலைல மோடம். மழ இல்ல. 4.50க்கு வண்டி எடுத்தாச்சு.

நாளைக்கு ஆயுத பூஜை, லீவு. அதனால கம்பெனில இன்னிக்கே பூஜை. வேனுக்கு வாங்கினது:
வாழக்கன்னு 2
பூசணிக்காய் 1
எலுமிச்சம்பழம் 8 (நாலு சக்கரத்துக்கு, நாலு என் கண்ணேறுக்கு)
பொரி, கடலை, சந்தனம்
சாமந்தி ரெண்டு முழம். படப்பைல வெல கேட்டுட்டு நாலு முழம் ரெண்டாச்சு.

சி.கோ. ஸ்டேஷன்ல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பொண்ணுங்க 17 பேர் ஏறினாங்க. (சிங்கப்பெருமாள் கோவில்னு முழுசா எழுதினா ஒரு வரி போயிடுது.) வாழக்கன்ன பாத்துட்டு ஒண்ணு, "இன்னாண்ணா, கல்யாண வண்டியா?" "ஆமா, மாப்ள நான்தான். பொண்ணு அடுத்த ட்ரெய்ன்ல வருது"ன்னேன். ஒரகடம் வர சிரிச்சுக்கினு வந்தாங்க.

கன்னியப்பன் டீ கணக்கு: நான் 11, அவன் 11. கடசி பக்கத்துல எழுதி வெச்சுக்கீறேன். இன்னிக்கு எவன் முந்தறான் பாக்கலாம்.

அதே நாள், சாயங்காலம்

எழுதவா வேணாவான்னு இருந்தேன். எழுதிடறேன்.

பூஜை பத்தரைக்கு. உள்ளாற பார்க்கிங்ல வண்டிங்கள வரிசையா நிறுத்தி கற்பூரம் காட்டினாங்க. பூசணி உடைச்சாச்சு. சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம். பூஜை போட்ட வண்டி முன்னாடிதான் நகரணும், ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. எந்த டிரைவரும் எடுக்க மாட்டான். என் முன்னாடி பெரிய பஸ் ஒண்ணு. பின்னாடி காலி. ரெண்டடி பின்னாடி வந்திருந்தா தாராளமா போலாம். வரல. லெஃப்ட்ல ஒடிச்சு முன்னாடியே எடுத்தேன். லெஃப்ட் கண்ணாடிய வாழக்கன்னு மறைச்சுக்கினு இருந்தது.

கன்னியப்பன் எதிர நின்னுக்கினு ரெண்டு கையையும் ஆட்டினான். "ஏழு, நிறுத்து! நிறுத்துய்யா, இடிக்குது!" ஏழுமலைன்ற என் பேரு அவன் வாயில ஏழுதான்.

இதான் எங்க ஆட்டம். அவன் வெல்டிங் காண்ட்ராக்ட்ல கீறான், மண்ணூர்காரன். நான் வண்டி நிறுத்தும்போது அவன் இடிக்குதுன்னு கத்துவான். அவன் பைக் விடும்போது நான் கத்துவேன். பயந்து பிரேக் போட்டா, கத்தினவனுக்கு டீ. போடலன்னா, ஓட்டினவனுக்கு டீ. ரெண்டு வருஷமா நடக்குது. ஆரம்பிச்சது நான்.

11–11. சுத்தி அம்பது பேர் பாத்துக்கினு இருந்தாங்க. நான் சிரிச்சுக்கினே ஆக்ஸிலேட்டர் குடுத்தேன்.

டங்குன்னு ஒரு சத்தம்.

ஃபயர் ஹைட்ரன்ட். தீ புடிச்சா ஹோஸ் மாட்றதுக்கு ரோட்டோரமா நிக்குமே, இடுப்பொசரம் செவப்புத் தூண். தெனம் அது பக்கத்துலதான் வண்டி துடைப்பேன். அடியோட சாஞ்சுது. தண்ணி ரெண்டு மாடி ஒசரத்துக்குப் போச்சு. பொண்ணுங்க கை தட்டினாங்க. பூஜைல இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிருக்கும். நானும் எறங்கி, "வாங்க வாங்க, கங்கா ஸ்நானம், டிக்கெட் கெடையாது"ன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

அப்புறம் பம்ப் ஹவுஸ்ல மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சுது. சைரன். சைரன் அடிச்சா கூடணும்னு வெச்சிருக்கற எடத்துக்கு எல்லாரும் ஓடினாங்க. யாரோ வால்வ மூடினாங்க. தரை பூரா பொரி மெதந்துக்கினு இருந்தது.

கன்னி நனைஞ்சு போய் அங்கியே நின்னுக்கினு இருந்தான். "கத்தினேனே ஏழு"ன்னான். அவ்ளோதான்.

லைசென்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக்கினாங்க. என் கேட் பாஸ வாங்கி வெச்சுக்கினாங்க.

வூட்ல செல்வி தலை தொவட்ட துண்டு குடுத்தா. மழையான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

அக்டோபர் 1, புதன்

லீவு. தூறல். செல்வி சுண்டல் பண்ணா. தையல் மெஷினுக்கும் மிக்சிக்கும் பொட்டு வெச்சா. என் நெத்திலயும் வெச்சு, "நீயும் ஒரு மிஷின்தான், ஓடாத மிஷின்"னா. பதிலுக்கு ஒண்ணு சொல்லியிருப்பேன் எப்பவும். சுண்டல் சாப்ட்டேன்.

பதினோரு மணிக்கு கன்னி போன்.

"ஏழு, எங்க கீற?"

"வூட்ல."

"நாங்க கேட்டாண்ட குந்திக்கினு கீறோம். ஏழு பேரு. பர்மிட் தரலயாம்."

அந்தப் பக்கம் ஹைட்ரன்ட் லைன்ல தண்ணி இல்ல. தண்ணி வர வரைக்கும் ஷெட்டுக்குள்ள நெருப்பு வேல கூடாது. வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் எதுக்கும் பர்மிட் கெடையாது. மிஷின் லைன் நிக்கறது லீவு நாள்லதான். இந்த ரெண்டு நாள் வேலைக்குத்தான் அவனுங்க மூணு மாசமா காத்துக்கினு இருந்தானுங்க. டபுள் சம்பளம். தீபாவளித் துணி அதுலதான் எடுக்கறது.

தூண் ஒடைஞ்சா தூணோட போச்சுன்னு நெனச்சேன். ஏழு வூடு.

"சரி, நீ சுண்டல் சாப்டு"ன்னான் கன்னி. வெச்சுட்டான்.

அக்டோபர் 2, வியாழன்

வெயில். வேன் முன் பம்பர் உள்ள போயிருந்தத சுத்தியால தட்டினேன். வாழக்கன்ன அவுத்து பக்கத்து வூட்டு ஆட்டுக்குப் போட்டேன். ஆடு ரொம்ப சந்தோஷம்.

இன்னிக்கும் பர்மிட் இல்லியாம்.

அக்டோபர் 3, வெள்ளி

ஸ்டாஃப வெளி கேட்லயே எறக்கி விட்டேன். நான் உள்ள போகக் கூடாது. பொண்ணுங்க ஒண்ணும் கேலி பேசல. ஒருத்தி மட்டும், "சாப்டீங்களாண்ணா?"

ட்ராவல்ஸ் மொதலாளி பேப்பரோட வந்தார்.

தூண், வால்வு: 31,500
பள்ளம் தோண்டி அடி பைப் மாத்த: 22,000
வெளி ஆளு கூலி, பெயிண்ட்: 14,000
தண்ணி பிரஷர் டெஸ்ட்: 6,500
பம்ப் ஓடின டீசல்: 1,850
மொத்தம்: 75,850

என் வாழக்கன்னு 80 ரூபா. அத யாரும் சேக்கல.

அப்புறம் ஒரு ஃபாரம். ஒய் ஒய் ஃபாரம்னு சொல்வாங்க. ஏன் நடந்துது, அது ஏன், அது ஏன்னு அஞ்சு தரம் கேப்பாங்க. கம்பெனில ஒரு போல்ட் கீழ விழுந்தாலும் அஞ்சு ஏன். நான் ஆறாங்கிளாஸ். அஞ்சு ஏனுக்கு அங்க பதில் சொல்லத் தெரியாமத்தான் பள்ளிக்கூடத்த விட்டு ஓடி வந்தேன்.

மொதலாளியே வண்டிக்குள்ள குந்தி எழுதினார்.

"ஏழுமல, கேமரால பாத்தேன். அந்த வெல்டர் ரெண்டு கையும் ஆட்றான்."

"நிறுத்துன்னு ஆட்டினான் சார்."

"கேமரால சத்தம் கெடையாதுப்பா. பாக்கறவனுக்கு வா வான்னு கூப்டற மாதிரிதான் கீது. பர்மிஷன் இல்லாம அவன் சிக்னல் காட்டினான், அத நம்பி நீ வந்த. பாதிக் காசு அவங்க காண்ட்ராக்டர் தலையில போவும். உனக்கு பாஸ் திரும்பி வரும்."

"அவனுக்கு?"

"அவனுக்கு இன்னா, ஒரு வார்னிங். கையெழுத்து போடு."

போட்டேன். பேனா மூடி எங்கயோ விழுந்துச்சு. அதத் தேடிக்கினு இருந்தேன். அத எதுக்குத் தேடினேனோ. அவர் பேனா.

அக்டோபர் 4, சனி

7.10. கேட்டுக்கு எதிர வண்டில உக்காந்திருந்தேன். கன்னி பையோட வந்தான். கேட்ல கார்ட வெச்சான். செவப்பு லைட். தொடச்சு வெச்சான். செவப்பு. செக்யூரிட்டிய பாத்து சிரிச்சான், "இன்னா சார், வெளையாடறியா?" அவரு கம்ப்யூட்டர பாத்துட்டு தலைய ஆட்டினார். கன்னி இன்னொரு தரம் வெச்சான். பின்னாடி வரிசை நின்னுது. ஒதுங்கிக்கினான்.

என் வண்டி அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். கை காட்டல. நானும் காட்டல.

அவன் போனப்புறம்தான் ரேடியோ ஓடிக்கினு இருந்ததே காதுல விழுந்துது.

வார்னிங்னு சொன்னாரு.

அக்டோபர் 5, ஞாயிறு

புரட்டாசி, கறி கெடையாது. சாம்பார், அப்பளம்.

செல்விகிட்ட சொன்னேன். அவ வேற கம்பெனில ஹவுஸ்கீப்பிங், ஒய் ஒய் ஃபாரம் அவளுக்கும் தெரியும். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அஞ்சு ஏன் அவங்க கேட்டாங்க. ஆறாவது நான் கேக்கறேன். ஏன்யா உன்ன கட்டிக்கினேன்?"

நான் சிரிக்கல. அவளும் சிரிக்கல. அப்பளத்த என் தட்டுல போட்டா.

"காசு போனா கட்டலாம். நம்ம பொண்ணு ஃபீஸு, உன் பாஸு, அதெல்லாம் எப்டியோ பாத்துக்கலாம். தெனம் அந்த கேட்டாண்டதான வண்டிய நிறுத்துவ? அவன் வந்து நின்னா எந்தப் பக்கம் திரும்புவ, அத மட்டும் சொல்லு"ன்னா.

மத்தியானம் தூங்கினேன். கனவு ஒண்ணும் இல்ல. எழுந்து டிவி பாத்தேன். எதோ ஓடிச்சு.

அக்டோபர் 6, திங்கள்

புழுக்கம். ஷிஃப்ட் எறக்கி விட்டுட்டு விசிட்டர் சீட்டு எழுதி உள்ள போனேன். அஞ்சு வருஷம் போய் வந்த கேட்ல விசிட்டர். போற வழில பாத்தேன், அந்த எடத்துல புதுத் தூண். பளிச்சினு செவப்பு. சுத்தி நாலு மஞ்ச கம்பி நட்டுக்கீறாங்க, என்ன மாதிரி ஆளுக்கு.

சேஃப்டி மேடத்துக்கு திருநெல்வேலி பக்கம். சின்ன வயசு.

"என்னண்ணே, உக்காருங்க. என்ன விஷயம்?"

"அந்தப் பேப்பர் வேணும் மேடம்."

"எதுக்கு?"

"அது தப்பு."

எடுத்துக் குடுத்தது. மொதலாளி எழுத்து அழகா இருந்தது, அடியில என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி.

"அவன் வான்னு சொல்லல மேடம். நிறுத்துன்னான். தொண்ட கிழியக் கத்தினான்."

"பெறகு ஏன் நிக்கல நீங்க?"

சொன்னேன். ஆட்டத்த, டீய, 11–11ஐ. திட்டுவாங்கன்னு பாத்தேன். பேனா மூடிய கடிச்சுக்கினு கேட்டுது. அப்புறம் வெறும் ஃபாரம் ஒண்ண நீட்டுச்சு. "உங்க கையாலயே எழுதுங்கண்ணே. மெதுவா எழுதுங்க."

எழுதினேன். முக்கா மணி நேரமாச்சு. இங்கயும் எழுதி வெச்சுக்கறேன்.

1. ஏன் இடிச்ச? தூண் தெரியல.
2. ஏன் தெரியல? வாழக்கன்னு மறைச்சுது.
3. ஏன் பின்னாடி எடுக்கல? பூஜை போட்ட வண்டி.
4. நிறுத்துன்னு சொன்னப்ப ஏன் நிறுத்தல? வெளையாட்டுன்னு நெனச்சேன்.
5. ஏன் அப்டி நெனச்ச? பழக்கி வெச்சது நான்.

மேடம் படிச்சுது. "கன்னியப்பன் பாஸ இன்னைக்கே தொறந்து விடுதேன். உங்க பாஸ் திரும்ப வராதுண்ணே. தெரியும்லா?"

"தெரியும்."

வெளிய வரும்போது விசிட்டர் சீட்ட திருப்பிக் குடுக்க மறந்துட்டேன். பாக்கெட்ல கீது.

அக்டோபர் 7, செவ்வாய்

மொதலாளி ரொம்ப நேரம் கத்தினார். நல்லாத்தான் கத்தினார், ஒரு வார்த்த ரெண்டாந்தரம் வரல. கடசில பாதி அவர், பாதி நான். மாசம் 2,500 புடிப்பார். பதினஞ்சு மாசம். பதினாறாவது மாசம் 425. இந்தத் தீபாவளிக்கு போனஸ் கெடையாது. நாளையோட இந்த ரூட்டும் கெடையாது. மாம்பாக்கம் பக்கம் ஒரு குடோனுக்கு ஆள் ஏத்தணும்.

ஷிஃப்ட் பொண்ணுங்ககிட்ட சொல்லல. சொன்னா எதாவது ஜோக் சொல்லணும்.

டயர் காத்து பாக்கணும். பின் லெஃப்ட் கம்மி.

அக்டோபர் 8, புதன்

மழ வர்ற மாதிரி. வரல.

கடசி ட்ரிப். எறக்கி விட்டுட்டு கேட்டுக்கு எதிர டீக்கடை பெஞ்ச்ல உக்காந்தேன். கன்னி வந்தான். கையில ரெண்டு டீ. பக்கத்துல உக்காந்தான்.

"மொதல்ல வேற மாதிரி எழுதின பேப்பர்ல கையெழுத்து போட்டதும் நான்தான்"ன்னேன்.

"தெரியும். மேடம் காட்டுச்சு. ரெண்டு பேப்பரும்."

கன்டெய்னர் லாரி ஒண்ணு திரும்பிச்சு. ரெண்டு பேரும் அது திரும்பி முடிக்கற வரைக்கும் பாத்தோம்.

"வேல?"ன்னேன்.

"நாலு பேர வேற சைட்டுக்கு அனுப்பிட்டான் காண்ட்ராக்டர். நாங்க மூணு பேரு கீறோம்."

"ம்."

ஒரு டீய என் பக்கம் நீட்டினான். "புடி."

"எனக்கு எதுக்கு?"

"நான் நிறுத்துன்னு கத்தினேன். நீ பிரேக் போடல. அப்ப நீதான ஜெயிச்ச? ஆட்டம்னா ஆட்டம்தான் ஏழு."

கேலியான்னு மூஞ்சிய பாத்தேன். இத்தன வருஷம் பாத்த மூஞ்சி. தெரியல.

வாங்கிக்கினேன். சக்கர தூக்கலா போடச் சொல்லியிருந்தான், நான் குடிக்கிற மாதிரி. அவன் டம்ளர வெச்சுட்டு எழுந்து ரோட்ட தாண்டிப் போனான். கேட்ல கார்ட வெச்சான். பச்ச லைட்.

கடசி பக்கம் எழுதிட்டேன். நான் 12, கன்னி 11.