இந்த வருடத்துச் சௌந்தரி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கடும் பனி. குளிர்காலம், திராட்சைக் கொடிகளில் ஓர் இலை இல்லை. இன்றைய வேலை: லேபல் பெட்டி எடுத்து வருவது, மூன்று வைன் தொட்டிகளின் மூடி பார்ப்பது, ஆரணியின் அறைக்கு ஹீட்டர்.

மகள் ஆரணி வெள்ளிக்கிழமை வருகிறாள். இனி இங்கேதான். மெல்பேர்ன் வேலையை விட்டுவிட்டாள், எங்களோடு சேர்ந்து வைன் செய்ய. பத்து வருடமாக நானும் மனைவி வதனியும் மட்டும் பார்த்த தோட்டம். வதனி இரண்டு நாளாகத் தனக்குள் பாடிக்கொண்டு திரிகிறாள்.

தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து மணந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. தண்ணீர் போல. போன செப்டெம்பரில் காய்ச்சல் வந்து போனதிலிருந்து இப்படித்தான். டண்டினொங் டொக்டர், மணம் திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்றார். வதனிக்குச் சொல்லவில்லை. ஆரணிக்கும். வைன் செய்கிறவனுக்கு மூக்குப் போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்ல.

ஜூன் 4, புதன்

மழை. லேபல் வந்தது. கப்பல் படம் வடிவாக விழுந்திருக்கிறது. சௌந்தரி, என் பூட்டனாரின் பாய்க்கப்பல்; எங்கள் வைனுக்கும் அதே பெயர். வல்வெட்டித்துறைக்கும் ரங்கூனுக்கும் ஓடியது, அரிசியும் தேக்கும் ஏற்றி. அவர்தான் தண்டையல், கப்பலை நடத்துகிறவர். கரை கண்ணில் படுமுன்பே மண்மணத்தை வைத்துத் திசை சொல்வாராம். போத்தலின் பின்பக்கத்தில் அதை நான்தான் எழுதிப் போட்டேன். நான் இந்த நாட்டுக்கு வந்தது விமானத்தில். இன்று வாசிக்கப் பிடிக்கவில்லை. பெட்டியை மூடி வைத்தேன்.

ஜனவரிப் புகை ஞாபகம். மலைக்கு அப்பால் காட்டுத்தீ. ஒன்பது நாள் பள்ளத்தாக்கில் படுத்துக் கிடந்த புகை. பழத்தில் ஏறினால் வைன் கெட்டுவிடும். வதனி யன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி வைத்தாள். பழத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவோமா என்று கேட்டாள். தேவையில்லை, மணந்து பார்த்துவிட்டேன், பழத்தில் புகை பிடிக்கவில்லை என்றேன்.

பொய்.

ஜூன் 6, வெள்ளி

ஆரணி வந்தாள். கார் நிறையச் சாமான். வேலையிடத்தில் கேக் வெட்டி அனுப்பினார்களாம். இரவுக்குப் புட்டு, மீன்குழம்பு. எனக்குத் தெரிந்தது உப்பும் உறைப்பும் மட்டும்.

"நாளைக்கு மூண்டையும் டேஸ்ட் பண்ணுவம், அப்பா."

ஓம் என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தலை துவட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

ஜூன் 7, சனி

கொட்டகை. குளிர். முதல் தொட்டி: ஆரணி வாயில் வைத்தாள், துப்பினாள், என்னைப் பார்த்தாள். இரண்டாவது. மூன்றாவதைத் துப்பிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

"சாம்பல் மாதிரி இருக்கு, அப்பா. துப்பின பிறகும் தொண்டையில நிக்குது. நீங்கள் நோட்டீஸ் பண்ணேல்லையா?"

கருக்கிய பீப்பாயின் வாசனை என்று சொல்லப் பார்த்தேன். இந்த வருடம் பீப்பாயில் ஊற்றவே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

சொன்னேன். காய்ச்சல், டொக்டர், புகை, பொய், எல்லாம். அவள் சத்தம் போடவில்லை.

"நான் வேலையை விடேக்க உங்களுக்கு இது தெரியும்."

"மணம் இல்லை எண்டு தெரியும். வைன் இப்பிடி எண்டு தெரியாது, பிள்ளை."

"ஆரையாவது மணந்து பாக்கச் சொல்லியிருக்கலாம்தானே."

கிளாஸை நிலத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வெயில், சூடு இல்லை. ஆரணியின் கதவு சாத்தியே கிடக்கிறது.

குசினியில் வதனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"எனக்கு மார்கழியிலயே தெரியும். காஸ் திறந்து கிடக்குது, நீங்கள் பக்கத்துக் கதிரையில இருந்து பேப்பர் வாசிக்கிறீங்கள்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."

அப்படியென்றால் ஜனவரியில் பரிசோதனைக்கு அனுப்புவோமா என்று அவள் கேட்டது, என்னைச் சொல்ல வைக்க. நான் அவள் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். அவள் தெரிந்துகொண்டே தலையாட்டினாள். அதற்குப் பிறகு பழம் பறித்தோம், மிதித்தோம், தொட்டி கழுவினோம். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

அவளோடு கோபிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காற்று. ஆரணி பழைய வேலையிடத்துக்கு போன் எடுத்தாள். அவளுடைய இடத்துக்கு ஆள் வந்தாயிற்றாம். கதவடியில் நின்று சொன்னாள், கோபம்கூட இல்லாத குரல். வைனைப் பற்றியும் தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறாள். காப்பாற்ற வழியில்லை.

"கொட்டகைத் திறப்பைத் தாங்கோ."

சாவியை எடுத்துக் கொடுத்தேன். நானும் வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். வதனி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னால் போனாள்.

மூன்றாம் தொட்டியின் அடிவால்வு இறுகிக் கிடக்கும், இடப்பக்கம் அழுத்தித் திருப்ப வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். எழுந்து வாசல்வரை போனேன். பிறகு வந்து இருந்துவிட்டேன்.

அவளே திருப்பிவிட்டாள் போலிருக்கிறது. வைன் கழிவுக் குழியில் விழும் சத்தம் இங்கே கேட்கிறது. பத்து நிமிடமாகிறது, இன்னும் நிற்கவில்லை.