ஒரே பாஸ்போர்ட்டில் இருவர்

இராயபுரம்
12-2-1951

ஜனாப் ஹுமாயூன் சாகிப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். எல்லோரும் நலம். உங்களிடம் ஒரு கையெழுத்து வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

மே மாத விடுமுறையில் எங்கள் பள்ளி ஆசிரியைகள் நால்வர் இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். எழும்பூரில் போட் மெயில், தனுஷ்கோடியில் கப்பல், பிறகு கொழும்பு, கண்டி, நுவரெலியா. பூகோள டீச்சராக அந்தத் தீவின் படத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்தேனோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஒரு தடவையாவது அந்த மண்ணில் நடக்க வேண்டும்.

முன்பெல்லாம் டிக்கெட் வாங்கினால் போதும். இப்போது அது வேற்று நாடு. பாஸ்போர்ட், விசா, அம்மை குத்திக்கொண்ட சர்டிபிகேட், காலரா ஊசி சர்டிபிகேட் எல்லாம் வேண்டும். விண்ணப்பப் படிவத்தையும் சர்டிபிகேட்டுகளையும் எடுத்துக்கொண்டு மண்ணடியில் டிராவல் ஏஜெண்டு சௌக்கத் அலியிடம் போனேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"எல்லாம் கரீட்டா கீது டீச்சரம்மா. வூட்டுக்காரர் சம்மதம் மட்டும் எங்க?"

"நான் சம்பாதிக்கிறேன். என் செலவில் போகிறேன். அவர் சம்மதம் எதற்கு?"

"நீ சம்பாரி, யார் வேணாங்கிறா? ஆபீசுல கேக்கிறான். தப்பா நெனைக்காத, அவரு மௌத்தாப் போயிருந்தா பேஜாரே இல்ல. உசுரோட கீறாரே!"

பெஞ்சில் காத்திருந்த மற்ற மூன்று டீச்சர்களும் சுவரைப் பார்த்தார்கள்.

தாங்கள் உயிரோடிருப்பது இந்த ஒரு காரியத்துக்குத்தான் இடைஞ்சல். மற்றபடி நீண்ட ஆயுளுக்கு துஆ செய்கிறேன். நான் கையெழுத்திட்ட பாஸ்போர்ட் படிவத்தையும் என் போட்டோவையும் இத்துடன் வைத்திருக்கிறேன். படிவத்தின் பின்பக்கம் "என் மனைவி இலங்கை சென்றுவரச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்பவும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தாஹிரா, பி.ஏ., எல்.டி.

*

எண்ணூர்
20-2-1951

அன்புள்ள தாஹிராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தபால்காரர் கவரைக் கொடுத்ததும் உப்பு மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். உன் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. இரண்டு இடத்தில் நிப்பு காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

நீ எழுத வேண்டாமென்றாலும் நான் எழுதத்தானே வேண்டும்? உன்னோடு வருகிறவர்கள் யார்? அவர்களுடைய வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்களா? அங்கே எங்கே தங்குவீர்கள்? துணைக்கு ஆண் பிள்ளை யாராவது உண்டா? மலைப்பக்கம் அட்டைக் கடி அதிகமாம். உனக்குக் குளிரும் ஒத்துக்கொள்ளாது. நாகூருக்குப் போய்வரக் கூடாதா? அதுவும் கடற்கரைதான்.

அண்ணன் மதார் சாகிபிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "பொம்பள தனியா கப்பல் ஏறதுக்கு நீ கையெழுத்து வேற போடுறியா? அப்புறம் பள்ளிவாசலாண்ட எவன் மூஞ்சில நாம முழிக்கிறது?" என்று சத்தம் போட்டார். நான் அவரைப் போலப் பேசுகிறவனல்ல என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கணவன் என்று ஒருவன் இருக்கும்போது அவன் யோசிக்க வேண்டாமா?

படிவமும் படமும் என்னிடமே இருக்கட்டும். படத்தில் முக்காடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஆனாலும் நன்றாயிருக்கிறாய். நல்ல வழியாக ஒன்று யோசிக்கிறேன்.

உன்
ஹுமாயூன்

*

இராயபுரம்
23-2-1951

ஹுமாயூன் சாகிப் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டேன். ஒரு பக்கம் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். விசா ஆபீசில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள்.

என்னோடு வருகிறவர்களில் ஒருவர் விதவை. ஒருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்றாமவரின் கணவர் கேட்ட அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். கொழும்பில் பெண்கள் விடுதியில் தங்குவோம். ஆண் துணை இல்லை. இந்தத் தெருவில் ஏழு வருஷமாக எனக்கு எந்த ஆண் துணை இருந்தது? சுவர் இடிந்தபோது கொத்தனாரைக் கூப்பிட்டவள் நான். டைபாய்டு வந்தபோது ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவளும் நான். அப்போதெல்லாம் கணவன் என்று ஒருவன் எங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான்?

நாற்பத்து நாலில் உங்கள் அண்ணன் உப்பு மண்டிக்கு வரச் சொன்னார். வேலையை விட்டுவிட்டு நீயும் வா என்றீர்கள். முடியாது என்றேன். பத்து நாளில் வருகிறேன் என்று டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறினீர்கள். எண்ணூரிலிருந்து இராயபுரத்துக்கு வரப் பாஸ்போர்ட் கேட்கிறார்களா? விசா கேட்கிறார்களா? ஊசி குத்துகிறார்களா? நீங்கள் வரவில்லை. அதற்கு நான் யாரிடமும் சம்மதக் கடிதம் கேட்கவில்லை, விளக்கமும் கேட்கவில்லை.

ரேஷன் கார்டிலிருந்து உங்கள் பெயரை நீங்களே போய் எடுத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து என் கார்டில் குடும்பத் தலைவி நான்தான். அரிசி வாங்க நான் தனி ஆள், கப்பல் ஏற மட்டும் உங்கள் மனைவியா?

நல்ல வழி எதையும் யோசிக்க வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள்.

தாஹிரா

*

எண்ணூர்
20-3-1951

அன்புள்ள தாஹிராவுக்கு,

நீ திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். பதில் எழுதாமலிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. பாஸ்போர்ட் வந்துவிட்டது!

தெரிந்தவர் ஒருவர் மூலம் நானே விண்ணப்பித்தேன். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். முதலில் என் படம், பக்கத்தில் உன் படம். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளையும் சேர்த்துக் கொடுத்தேன். உனக்கு இனி எந்த ஆபீசுக்கும் அலைச்சல் இல்லை. அண்ணனும் ஒன்றும் சொல்ல முடியாது. நானும் கூட வருகிறேன்.

கொழும்புக்குப் போய்வந்த உப்பு வியாபாரி ஒருவரிடம் எல்லாம் விசாரித்துவிட்டேன். காலையில் கண்டிக்கு ரயில் ஏறினால் சன்னல் ஓரமாக வலப்பக்கம் உட்கார வேண்டுமாம், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தானாம். நுவரெலியாவுக்கு உனக்குக் கம்பளிச் சால்வை வாங்கிவிட்டேன், பச்சை நிறம். உன்னுடைய டீச்சர்கள் தனியாகப் போகட்டும். நாம் மெதுவாகப் பார்ப்போம். நீ படம் வரைந்து சொல்லிக் கொடுத்ததையெல்லாம் எனக்கும் காட்டு.

கல்யாணமான புதிதில் மகாபலிபுரம் போனோமே, அதற்குப் பிறகு நாம் எங்கேயும் போகவில்லை. இரண்டு ராத்திரியாக எனக்குத் தூக்கமில்லை, சந்தோஷத்தில்.

உன்
ஹுமாயூன்

*

இராயபுரம்
24-3-1951

ஹுமாயூன் சாகிப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. எண்ணூரிலிருந்து மீன் கொண்டுவரும் பூவம்மா கூடையை இறக்கி வைக்காமலே சிரித்தாள். "இன்னா டீச்சரம்மா, பாயி உன்ன சிலோனுக்கு இட்டுகினு போறாராமே! எண்ணூரு பூரா சொல்லிகினு கீறாரு. எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் வாழ்க்கை சீராகிவிட்டதாம்.

சௌக்கத் அலியிடம் ஓடினேன். அவர் சொன்னது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நன்றாகப் படியுங்கள். அந்தப் புத்தகம் உங்களுடையது. அதில் நான் ஒட்டப்பட்டிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு நீங்கள் தனியாக எங்கேயும் போகலாம். நான் தனியாக ஓரடி வைக்க முடியாது. என் பெயர் அதில் இருக்கிறவரை எனக்கு வேறு பாஸ்போர்ட்டும் கிடையாது. "சோடி போட்டு வுட்டாரும்மா" என்றார். விசாவுக்கு இனி நாலு வாரம்தான் இருக்கிறது.

வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நேற்று முழுவதும் இதைத்தான் யோசித்தேன். நீங்கள் கெடுதல் நினைக்கவில்லை. என்னைச் சந்தோஷப்படுத்துவதாகவே நினைத்தீர்கள். வேலையை விடு என்று சொன்ன அன்றும் அப்படித்தான் நினைத்தீர்கள், எனக்கு ஓய்வு என்று. உங்களுக்குப் பிரியம் வரும்போதெல்லாம் என் கையிலிருந்து ஏதாவது ஒன்று போய்விடுகிறது. நான் கேட்டதை ஒரு நாளாவது, கேட்ட அளவிலேயே, கொடுத்திருக்கிறீர்களா?

சன்னல் ஓரத்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்று நான் பார்த்துக்கொள்வேன். சால்வை உங்கள் அண்ணிக்கு உதவும். ஆபீசுக்குப் போய் என் பெயரை எடுங்கள். அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்கள். ஏழு வருஷமாக உங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லவில்லையா?

தாஹிரா

*

எண்ணூர்
14-4-1951

தாஹிராவுக்கு,

மூன்று தடவை போனேன். கடைசித் தடவை குமாஸ்தா, அறை முழுக்கக் கேட்கும்படி, "இன்னா பாய், போன மாசம் ஒட்டுன, இந்த மாசம் கியிக்கிற? அம்மா ஓடிட்டாங்களா?" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இல்லை, ஓடினவன் நான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் புத்தகத்தை வாங்கிக்கொண்டான்.

உன் பெயரை அடித்து முத்திரை குத்திவிட்டார்கள். புதுப் படிவம் வாங்கிப் பின்பக்கம் நீ கேட்ட வரியை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்ட வரி மட்டும். குமாஸ்தாவிடம் அவசரம் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மண்டியில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதற்கு உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நல்லபடியாகப் போய்வா.

ஹுமாயூன்

*

தனுஷ்கோடி
7-5-1951

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுங்கக் கொட்டகையில் பெட்டியைச் சோதித்துவிட்டார்கள். ஊசி சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள். என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டது. மற்ற மூவரும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். காற்றில் காகிதம் பறக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை ரயிலில் மறுபடி படித்தேன். கோபமில்லாமல் படிக்கப் பார்த்தேன். முக்கால்வாசி முடிந்தது. இருபது வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதியவற்றில் அதுதான் நல்ல கடிதம். அந்த வரிசையில் நின்று நீங்கள் சொன்னதை நினைத்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிச்சக் கால்வாசி ஏன் போகவில்லை என்று பாதை முழுக்க யோசித்தேன். நீங்கள் எவ்வளவு நல்லவராகிவிட்டாலும், அந்த ஒரு வரி இல்லாமல் நான் இங்கே வந்திருக்க முடியாது. நாளைக்கு உங்கள் மனசு மாறினால் அடுத்த வரி வராது. உங்கள் மனசு எப்படி இருக்கிறதோ என்று பார்த்துப் பார்த்து வாழ எனக்கு இனிமேல் முடியாது. உங்களுக்காகச் சுவரில் ஆணி அடித்து மாட்டிய கண்ணாடியை இன்றுவரை நான் கழற்றவில்லை. வருவீர்கள் என்று வைத்திருந்தேனா, எடுக்கத் தோன்றவில்லையா, எனக்கே தெரியாது. தெரியாமலே இருந்தது போதும்.

புறப்படும் முன்பு காஜியார் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்தில் கணவன் தந்த மஹர்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவியே கேட்டு வாங்கும் விடுதலைக்குக் குலா என்று பெயர். அதைக் கேட்டிருக்கிறேன். கணவர் சம்மதித்தால் சங்கடமில்லாமல் முடியும் என்றார். பராமரிப்புக் கொடுக்கவில்லை என்று சொல்லிக் கோர்ட்டுக்கும் போகலாமாம். மார்ச்சு மாதத்தில் எழுதிய ஹுமாயூனாகவே நீங்கள் இருந்திருந்தால் கோர்ட்டுக்குத்தான் போயிருப்பேன். ஏப்ரலில் எழுதியவரிடம் நேரே கேட்கலாம் என்று தோன்றியது. காஜியாரிடம் உங்கள் மேல் குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். உண்மையும் அதுதான்.

அண்ணனோடு பேசிவிடுங்கள். ஒரே மண்டியில் எத்தனை நாள் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பீர்கள்? நான் இந்த மாதக் கடைசியில் திரும்புவேன். அதற்குள் காஜியாரைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இதைக் கொழும்பில் தபாலில் போட்டால் வேற்று நாட்டுத் தபால் தலை ஒட்டி வரும். தூரத்துக்குப் போன தைரியத்தில் எழுதியிருக்கிறாள் என்று நினைப்பீர்கள். அதனால் இந்தக் கரையிலேயே, இதோ எதிரில் இருக்கிற பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுகிறேன்.

தாஹிரா