எங்கள் சைற்றை நானே எதிர்த்துப் பேசிய வாரம்

ஜூலை 9, புதன்

கச்சான் காற்று. கந்தோர் ஜன்னலைத் திறந்தால் மேசை முழுக்கப் புழுதி, பூட்டினால் வியர்வை. பூட்டியே வேலை.

நிலாவெளிப் படகுச் சங்கத்துக்கான இணையத்தளம், எங்கள் சைற், மாதிரியளவில் கிட்டத்தட்ட முடிந்தது. தீவு பார்க்கப் போகிறவர்கள் போனிலேயே படகு பதியலாம், போகும் நேரம், திரும்பும் நேரம் பார்க்கலாம். நஸ்ரின் செய்த வடிவம், பார்க்கவே குளிர்ச்சி. ஓடர்தான் இன்னும் இல்லை. கொழும்புக் கொம்பனி ஒன்று ஆப் செய்து தருவதாகப் போட்டிக்கு நிற்கிறது. திங்கட்கிழமை சங்கம் முடிவு சொல்லும். கிடைத்தால் கந்தோர் தப்பும். இல்லையென்றால் நான் பழையபடி கொழும்பில் யாருக்கோ வேலை, நஸ்ரின் கிண்ணியாவில் வீட்டோடு. நாங்கள் இரண்டே பேர்தான் கொம்பனி.

மாலை வாசகர் வட்டம். ஞாயிறு பட்டிமன்றத்துக்குச் சீட்டுக் குலுக்கல். தலைப்பு: வியாபாரத்துக்கு உகந்தது இணையத்தளமா, செயலியா? தலைப்பைக் கொடுத்ததே நான்தான். படகுச் சங்கத் தலைவர் செல்வராசா அண்ணை பிரதம விருந்தினர். அவருக்கு முன்னால் இணையத்தளத்தைத் தூக்கிப் பேசினால் ஓடர் பாதி கையில் என்று கணக்கு. நஸ்ரினையும் பெயர் கொடுக்க வைத்தேன்.

சீட்டைப் பிரித்தேன். செயலி.

நஸ்ரினுக்கு இணையத்தளம். மேடையே ஏறாத பிள்ளை.

நடுவரிடம் மாற்றித் தரச்சொல்லிக் கேட்டேன். "சீட்டு சீட்டுத்தான், தங்கச்சி. உங்களைப்போல கதைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எந்தப் பக்கமெண்டால் என்ன?" புகழ்ந்தாரா, மடக்கினாரா தெரியாது. புகழ்ந்ததாகவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

காற்று குறையவில்லை. கரண்ட் ஒருமுறை போய் வந்தது.

ந.விடம் காலையிலேயே சொன்னேன்: நான் கொஞ்சம் அடக்கிப் பேசுகிறேன், நீ அடித்துக்கொண்டு போ. முகம் கறுத்துவிட்டது.

"அப்பிடியெண்டா நான் மேடைக்கே வரமாட்டன் அக்கா. நீங்க விட்டுத் தந்துதான் நான் வெண்டன் எண்டு பாக்கிற சனத்துக்கு விளங்காதா? செல்வராசா அண்ணனுக்கு விளங்காதா? மறுகா நம்மட சைற்றை யாரு நம்புவாங்க?"

சரியாகத்தான் சொன்னாள். அதனாலேயே எனக்குக் கோபம்.

பிறகு ஒப்பந்தம்: ஒருவருக்கும் ஒருவர் விட்டுக்கொடுப்பதில்லை, குறிப்பைக் காட்டுவதில்லை. தன் கைப்பையை எடுத்து இரண்டு மேசைக்கும் நடுவில் நிறுத்தி வைத்தாள்.

என் பக்கத்துக்கு:
– நம் தெருவில் எங்கே பார்த்தாலும் அண்ட்ரொயிட். ஹோட்டலில் இறங்குகிறவர் கையில் ஐபோன். இரண்டுக்கும் ஆப் செய்துவிட்டால் நாளைக்கு எந்தப் போன் கூடுதலாக விற்றாலும் நமக்குப் பயமில்லை.
– ஆப் போன் முகப்பில் இருந்து கூப்பிடும். சைற் முகவரி யாருக்கு ஞாபகம்?
– கடல் கொந்தளித்தால் தானே மணி அடித்துச் சொல்லும்.
– கடலில் சிக்னல் இல்லை. ஆப் திறக்கும். சைற் வெள்ளையாக நிற்கும்.

கடைசியை எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டேன். எங்கள் சைற்றும் அப்படித்தானே நிற்கும்? தீவுக்குப் போனவர் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று பார்க்க ஏலாது. இத்தனை நாளும் கந்தோரில் இருந்தபடியே திறந்து பார்த்ததில் இருவருக்கும் இது உறைக்கவில்லை.

செல்வராசா அண்ணைக்கு முன்னால் இதைச் சொன்னால் நானே என் தலையில் மண் போட்ட கதை.

ஜூலை 12, சனி

வாங்க: சவர்க்காரம், முட்டை, பச்சைச் சேலைக்கு ஊசி.

ந. நேற்று மத்தியானமே மடிக்கணினியோடு வீட்டுக்குப் போனவள், இன்றைக்கும் வரவில்லை. போன் எடுத்தால், "வேலை இருக்கு அக்கா." அவ்வளவுதான். இன்னும் கோபமாக்கும்.

இரவு வீட்டில் இவரிடம் சிக்னல் விஷயத்தைச் சொன்னேன். "அதை மட்டும் விட்டிட்டுக் கதையுமன். மிச்சம் காணும்தானே." போதும்தான். ஆனால் அதுதான் என் பக்கத்தின் முதுகெலும்பு. அதை விட்டுப் பேசுவது ந.வுக்குக் கொடுத்த வாக்கை ஏமாற்றுவது. பேசினால் ஓடர் போகும். கறி அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் இதே யோசனை.

ஜூலை 13, ஞாயிறு

மண்டபம் நிறைந்த சனம். கதிரை போதாமல் பின்னால் நின்றார்கள்.

பேசினேன். ஒன்றையும் விடவில்லை. சிக்னல் கதையைச் சொன்னபோது கைதட்டல். செல்வராசா அண்ணை பக்கத்தில் இருந்தவரிடம், "ஓம், அது சரிதானே. அங்க போனால் ஒண்டும் வேலை செய்யாது." ஓடர் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் குரல் இறங்கவில்லை, அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ந. எழும்பினாள். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிக்கும்படி நடுவர் சொல்லவேண்டி இருந்தது.

"அக்கா கடைசியாச் சொன்னது வெள்ளிக்கிழமை வரைக்கும் சரி."

கீழே இறங்கி வந்து, தன் போனில் சிக்னல் எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்க நிறுத்தி, செல்வராசா அண்ணையின் கையில் கொடுத்தாள். "எங்கட சைற்றத் திறந்து பாருங்க."

திறந்தது. திரும்பும் நேரம், படகு, ஓட்டியின் பெயர், எல்லாம்.

"கரையில ஒருக்காத் திறந்தாப் போதும், போன் ஞாபகம் வெச்சிக்கும். சிக்னல் இல்லாத இடத்தில பதிஞ்சதை அண்ட்ரொயிட் தானா அனுப்பும். ஐபோன் அனுப்பாது, கரைக்கு வந்து திரும்பத் திறக்கணும். அதையும் சொல்லிர்றன்." இப்போது மைக் இல்லாமலே பின்வரிசைக்கும் கேட்டது. "மூணு நாளைக்கு வாறவன் ஒரு படகில ஏற ஆப் இறக்குவானா? இறக்கினாலும் போனில இடமில்லாட்டி முதல்ல அழிக்கிறது அதைத்தான். ரெண்டு ஆப் செஞ்சா ரெண்டையும் காலம் முழுக்கத் திருத்தணும். எங்கட சைற் ஒண்டுதான். எந்தப் போனிலயும் திறக்கும்."

சபையைக் கையுயர்த்தச் சொன்னார்கள். இணையத்தளம். நடுவரும் அதையே சொன்னார்.

அந்த மேடையில் எனக்கு இது முதல் தோல்வி. எனக்கு ஒரே பெருமை. எழுந்து நின்று கைதட்டினேன், சேலைத் தலைப்பு கதிரையில் கொழுவிக் கிழிந்தது.

வெளியில் வந்து கேட்டேன்: நான் அதைத்தான் சொல்லுவேன் என்று எப்படித் தெரியும்?

"உங்களோட ஒரு கந்தோருக்குள்ளதானே இருக்கிறன். நீங்க எங்க அடிப்பீங்க எண்டு எனக்குத் தெரியாதா?" பிறகு, "சொல்லாம விட்டிருந்தாத்தான் எனக்குக் கவலையா இருந்திருக்கும்" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

ஒன்பது மணி வரை போனையே பார்த்தபடி. அடித்தது. செல்வராசா அண்ணை.

"ஓடர் உங்களுக்குத்தான், பிள்ளை. எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்த அந்தக் கிண்ணியாப் பிள்ளையை அனுப்புங்கோ. அவவை மட்டும்."

நான் வரக்கூடாதா என்று கேட்டேன்.

"வேண்டாம். நேற்று உங்கட சைற்றுக்குக் கையுயர்த்தின எங்கட ஆக்கள், வெளியில தேத்தண்ணி குடிக்கேக்குள்ள, என்ன இருந்தாலும் ஆப்தான் நல்லது எண்டு நிண்டவங்கள். அவங்களைத் திருப்ப எனக்கு விடியும் வரைக்கும் பிடிச்சது. நீங்கள் இன்னொருக்காக் கதைச்சால் நானே மாறிப்போடுவன்."

ந. மேசையில் தலையை வைத்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன்.