காமாலை என்று நான் சொன்னது

7 ஆகஸ்ட், புதன்

எடை மெஷின் செத்து இன்றோடு பதினோரு நாள். மூன்றாவது கடிதமும் அனுப்பினேன். பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்று பதில். மாற்றாமலா கடிதம் எழுதுவேன்? கர்ப்பிணிகளிடம் போன மாதத்துக்கு இப்போது உடம்பு எப்படி என்று கேட்டு, உத்தேசமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்வராயன் மலைக்கு நர்ஸாக வந்து நாலு வருஷம். கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்குத்தான் பிரஷர்.

9 ஆகஸ்ட், வெள்ளி

காலை ஆறரைக்கு ஒருவனைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். பகலவன், இருபத்தாறு வயது. போர்வெல் லாரியில் சத்தீஸ்கர் பக்கம் வேலைக்குப் போய், வீடு திரும்பி நாலு நாள். வந்ததிலிருந்து ஜுரம். கண் திறந்திருக்கிறது, ஆளைப் பார்க்கவில்லை. "பேரு சொல்லிக் கூப்ட்டாகூட திரும்பலைங்க சிஸ்டர்" என்றாள் அவன் மனைவி வளர்மதி. விரல் குத்திப் பார்த்தால் மலேரியா. அதுவும் மூளைக்கு ஏறுகிற வகை.

டாக்டர் அபிநயா வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான். ஆனால் தயங்கவில்லை, உடனே ஆர்டிசுனேட் ஊசி என்றார். 108க்குச் சொன்னோம். மழையில் மலைப்பாதையில் பெரிய மரம் விழுந்து கிடக்கிறதாம். ஆக, எல்லாம் இங்கேதான்.

ஊசி எடைக்குத் தகுந்த அளவு. எடைக்கு எங்கே போவேன்? எதிரே இருக்கிற ரேஷன் கடையைத் திறக்கச் சொல்லி, மூட்டை நிறுக்கிற தராசில், தூக்கிவந்தவர்களில் ஒருவனிடம் பகலவனைச் சுமந்தபடி ஏறச் சொன்னேன். பிறகு தனியாக ஏறச் சொன்னேன். கழித்தால் நாற்பத்தொன்பது கிலோ.

குப்பியில் பவுடர். முதலில் அதனுடனே வருகிற சோடா மருந்து. கலங்கல் போய்த் தெளியும்வரை குலுக்க வேண்டும். அப்புறம்தான் சலைன். கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்கக் கூடாது. இரண்டு குப்பி, பன்னிரண்டு மில்லி. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நரம்பில் நாலு நிமிஷம் மெதுவாக ஏற்றினேன். கை நடுங்கவில்லை. அதில் எனக்கு எப்போதும் ஒரு திமிர்.

சாயங்காலம் ஏழுக்கு இரண்டாவது.

10 ஆகஸ்ட், சனி

காலை ஏழுக்கு மூன்றாவது. எட்டரைக்கு, "இது எந்த ஊரு?" என்று கேட்டான். வளர்மதி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டிரிப் ஆடுகிறது என்று திட்டினேன். அப்புறம் மருந்து அறைக்குள் போய் நானும் கொஞ்சம் அழுதேன். மரத்தை அறுத்து வழிவிட்டார்கள். மதியம் 108இல் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினோம்.

14 ஆகஸ்ட், புதன்

பகலவன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தே உள்ளே வந்தான்! மாத்திரையும் முடித்துவிட்டான். இருபத்தெட்டு நாள்வரை வாரம் ஒருமுறை ரத்தம் பார்க்கும்படி சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது என் பொறுப்பு.

வளர்மதியை உட்காரவைத்துச் சொன்னேன். இந்த ஊசி போட்ட சிலருக்கு, கிருமி செத்து ஆள் தேறினபிறகும், ஒரு வாரம் மூன்று வாரம் கழித்து ரத்தம் உள்ளேயே உடையும். எல்லாருக்கும் இல்லை. அதற்குத்தான் நாலு வெள்ளிக்கிழமை விரலில் ஒரு சொட்டு. புரிந்ததாக அவள் முகத்தில் தெரியவில்லை. புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று, "காமாலை மாதிரி கண்ணு மஞ்சளாச்சுன்னா சும்மா இருந்துடாதம்மா" என்றேன். உடனே முகம் தெளிந்தது. "காமாலையா? அது தெரியுங்க சிஸ்டர்."

அப்பாடா என்றிருந்தது. சீட்டிலும் எழுதினேன்: காமாலை கவனிக்கவும்.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஏழாம் நாள். அவனே பைக் ஓட்டிக்கொண்டு வந்தான். ஹீமோகுளோபின் 10.4. லாரிக்கு எப்போது போகலாம் என்றான். உதை விழும் என்றேன். சிரித்தான். முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது, இன்றுதான் பார்க்கிறேன்.

21 ஆகஸ்ட், புதன்

தடுப்பூசி நாள். முப்பத்தொரு குழந்தைகள். காதுக்குள் இன்னும் அழுகைச் சத்தம்.

23 ஆகஸ்ட், வெள்ளி

பதினாலாம் நாள். பகலவன் வரவில்லை. ஐந்து மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. இந்த மலை எப்போதுதான் எல்லைக்கு உள்ளே இருந்தது?

24 ஆகஸ்ட், சனி

இன்றும் இல்லை. கிளம்பலாம் என்றால் இரண்டு பேருக்குப் பிரசவ வலி, பார்க்க நான் ஒருத்தி. பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். சொன்னாரோ என்னவோ. நன்றாகத்தான் இருப்பான் — பைக் ஓட்டினானே? லாரிக்கே ஓடியிருப்பான், திருட்டுப்பயல். லாரிக்குப் போயிருந்தால் தேவலை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

26 ஆகஸ்ட், திங்கள்

இன்று எழுத முடியாது.

28 ஆகஸ்ட், புதன்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

திங்கள் காலை ஸ்கூட்டியில் போனேன். வீடு பூட்டியிருந்தது. காமாலைக்கு மருந்து கொடுக்கிற கண்ணாயிரம் வீட்டில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி. போனால், பகலவன் தாழ்வாரத்தில் படுத்திருந்தான். கண் மஞ்சள். உதடும் நாக்கும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. படுத்த இடத்திலேயே மூச்சு வாங்கியது.

என்னைப் பார்த்து வளர்மதி ஓடிவந்தாள். சந்தோஷமாக!

"நீங்க சொன்ன மாதிரியே காமாலை வந்துடுச்சு சிஸ்டர். நீங்க சொல்லலன்னா வுட்டுட்டு இருந்திருப்போம். வியாழக்கெழம கண்ணு மஞ்சளாச்சு, அன்னிக்கே இங்க இட்டாந்துட்டேன்."

நாலு நாளாகக் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்றேன். காமாலைக்காரனுக்கு ரத்தம் எடுத்தால் இருக்கிறதும் கம்மியாகிவிடும் என்று சொன்னார்களாம். ஒன்னுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். "வரக்காப்பி மாதிரி போவுதுங்க. காமாலைன்னா அப்படித்தானேங்க?" உள்ளே உடைந்த ரத்தம்தான் அப்படிப் போகிறது.

சும்மா இருந்துடாதே என்றேன். அவள் சும்மா இருக்கவில்லை. என்னிடம் வா என்று நான் சொல்லவேயில்லையே.

கண்ணாயிரத்தைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "மருந்து கேக்கலம்மா. இன்னிக்கு கீழ இட்டுக்கினு போங்கன்னு நானே சொல்லிக்கினு இருந்தேன்" என்றார்.

சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி 108க்குச் சொன்னேன். வர ஒன்றேகால் மணி நேரம். வழியில் நம் ஆஸ்பத்திரியில் நிறுத்திப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 3.1. டாக்டர் போன் செய்து கள்ளக்குறிச்சியில் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்தார். நானும் வண்டியில் ஏறினேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. மலை இறங்கிக் கரும்புக்காடு தெரிந்த இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தான். அப்புறம் பிடி விட்டது. நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது.

ஒரு சொட்டு ரத்தம்தானய்யா கேட்டேன். ஒரே ஒரு சொட்டு. வந்துட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஊசியைச் சரியாகத்தான் போட்டேன். எடை சரி, கலந்தது சரி, நேரம் சரி. இந்த வாய்தான்.

30 ஆகஸ்ட், வெள்ளி

இருபத்தோராம் நாள். ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே கட்டம் காலி. இன்று புது எடை மெஷின் வந்தது.

6 செப்டம்பர், வெள்ளி

காலை வந்தபோது வெளி பெஞ்சில் வளர்மதி. பக்கத்தில் அவள் அண்ணன் முருகவேல், துண்டைப் போர்த்திக்கொண்டு. அவனும் அதே லாரிதான். சாவுக்கு வந்தவன் இன்னும் திரும்பிப் போகவில்லை. விடியற்காலையில் குளிர் ஜுரம் வந்ததாம். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் படி தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தாண்டி வந்திருக்கிறாள்.

விரல் குத்தினேன். அதே மலேரியா. ஆனால் முதல் நாளே வந்துவிட்டான், நடக்கிறான், தெளிவாகப் பேசுகிறான். மாத்திரை போதும், ஊசி தேவையில்லை என்றார் டாக்டர். புது மெஷினில் ஐம்பத்தாறு கிலோ. முதல் வேளையை என் எதிரிலேயே விழுங்கவைத்தேன். வளர்மதியிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். பகலவனுடையது. பின்பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தாள்.

"எப்ப வரணும்னு இதுல எழுதிக் குடுங்க சிஸ்டர்."

பேனாவை எடுத்தேன்.

"காமாலைன்னு எழுதாதீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

எழுதினேன்: ஜுரம் விடாவிட்டால், வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், ஒன்னுக்கு வரக்காப்பி மாதிரி போனால், வேறெங்கும் போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு என்னிடம் வரவும்.

படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு சீட்டைப் பார்க்காமல் அவளே ஒருமுறை முழுசாகச் சொன்னாள். "சரியாங்க சிஸ்டர்?" என்று கேட்டாள்.

சரி என்றேன்.